மூலையில்லாத வீடு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வாரமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. உப்பு, மஞ்சள்தூள், தோசைக்கல், தோசைத்திருப்பி, அத்தையின் பிரஷர் மாத்திரை, மகளுக்கு நாப்கின், கொசு ஸ்பிரே, குப்பைப் பை, கத்தி, இன்னொரு கத்தி என்று மொத்தம் 41 பொருட்கள். எல்லாம் என் கையெழுத்தில். கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்து. இணையர் எழுதியது: "விறகு."

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நான்கு தமிழ்க் குடும்பங்கள் கச்சூமா ஏரிக்கு முகாம் போகக் கிளம்பியிருந்தோம். சாந்தா பார்பரா ஊரைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அந்த ஏரி. சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை என்றால் நான்கு. அங்கே கூடாரம் அடிக்கலாம், ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தலாம், யுர்ட் என்ற வட்ட வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். பெருநகரத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் மூன்றும் கிடைப்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு வசதி. அத்தைக்கு மூட்டுவலி, தரையில் படுக்க முடியாது. அதனால் எங்களுக்கு யுர்ட். இரண்டு குடும்பங்களுக்குக் கூடாரம். ஒரு குடும்பம் ஆர்.வி. எடுத்துக்கொண்டது.

"வீட்டு வேலையிலேர்ந்து உனக்கும் ரெண்டு நாள் ஓய்வு" என்றார் இணையர். உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார். நான் அப்போது கோழிக்கு மசாலா தடவி ஜிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தேன்.

முகாம் பற்றிய எழுத்தும் படமும் விளம்பரமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: வீட்டை விட்டு வெளியே வா, விடுதலை அங்கே இருக்கிறது. இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். வீட்டை விட்டு வருவது சரி. வீட்டைத் தூக்கிக்கொண்டு வருவது யார்?

இந்தக் கேள்விக்கு வரலாறே ஒரு வேடிக்கையான பதிலை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் நகரத்து மனிதர்கள் பொழுதுபோக்காகக் காட்டுக்குப் போகும் பழக்கம் பரவியதற்குக் காரணமான புத்தகங்களில் முக்கியமானது, பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் ஹெச். ஹெச். மர்ரி என்ற பாதிரியார் 1869இல் வெளியிட்டது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளுக்கு வாருங்கள் என்று அழைத்த புத்தகம் அது. பெண்களும் தாராளமாக வரலாம் என்றவர் அவர். அந்தக் காலத்து முகாமில் சமைத்தது யார் தெரியுமா? கூலிக்கு அமர்த்தப்பட்ட உள்ளூர் வழிகாட்டி. படகு வலிப்பது, சுமை தூக்குவது, கூடாரம் போடுவது, மீனைச் சுத்தம் செய்து வறுப்பது எல்லாம் அந்த ஆண்தான். அது வேலை, அதற்கு நாள்கூலி உண்டு. பிறகு கார் வந்தது. நடுத்தர வர்க்கம் குடும்பத்தோடு தானே ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போகத் தொடங்கியது. 1923இல் கோல்மேன் நிறுவனம் முகாமுக்கென்று அடுப்பே கொண்டுவந்தது. வழிகாட்டி காணாமல் போனார், ஆனால் அவருடைய வேலை காணாமல் போகவில்லை. அது அம்மாவுக்கு வந்தது. வரும்போது கூலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது.

நமக்கும் இது புதிதில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளியோதரையும் தேங்காய்ச்சோறும் சாப்பிட்ட நினைவு எல்லோருக்கும் இனிக்கிறது. அதற்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவரின் நினைவை மட்டும் யாரும் எழுதக் காணோம்.

கச்சூமாவில் யுர்ட்டின் கதவைத் திறந்ததும் அத்தை உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். வட்டச் சுவர், குறுக்கும் நெடுக்குமான மரச்சட்டம், உச்சியில் வானம் தெரியும் கண்ணாடி வட்டம். கட்டில்கள் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இதுல மூலையே இல்லையே. தொடப்பத்த எங்க வைப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் யுர்ட் பற்றி நான் வாசித்த எதையும்விட நல்ல விமர்சனம் அந்த ஒரு கேள்வி. மூலையில்லாத வீடு, சுவர்களின் அதிகாரம் இல்லாத வீடு, எல்லோரும் சமமாக உட்காரும் வட்டம் என்றெல்லாம் மேற்கில் யுர்ட்டைக் கொண்டாடுவார்கள். 1960களில் பில் கோப்பர்த்வெயிட் என்ற அமெரிக்க ஆசிரியர், மங்கோலியா பற்றி 1962இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வந்த கட்டுரையால் தூண்டப்பட்டு, மாணவர்களோடு சேர்ந்து யுர்ட் கட்டத் தொடங்கினார். எளிமையாக வாழ்வது, தன் வீட்டைத் தானே கட்டுவது என்பது அவர் கனவு. பிறகு அது வணிகமாகி, வினைல் பூசிய துணியும் பூட்டுப் போட்ட கதவுமாகப் பூங்காக்களுக்கு வந்து சேர்ந்தது. இந்த வம்சாவளியைச் சொல்பவர்கள் கட்டியவர்களின் பெயர்களைச் சொல்கிறார்கள், எல்லாம் ஆண்கள்.

மத்திய ஆசியாவின் புல்வெளியில் கதை வேறு. கசாக், கிர்கிஸ் மக்களின் யுர்ட் கட்டும் அறிவை 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபில் மரச்சட்டம் ஆண்களின் வேலை. மேலே போர்த்தும் கம்பளியும் உள் அலங்காரமும் பெண்களின் வேலை. போர்த்தும் துணி என்றால் நெய்த துணி இல்லை, ஃபெல்ட். ஆட்டுமயிரை அடித்துப் பரப்பி, கொதிநீர் ஊற்றி, பாயில் வைத்துச் சுருட்டி, பல பெண்கள் சேர்ந்து உருட்டி மிதித்து இறுக்கும் கம்பளி. ஒரு பெண் தனியாகச் செய்ய முடியாத வேலை. இடம் மாறும்போது யுர்ட்டைப் பிரிப்பதும் புது இடத்தில் எழுப்புவதும்கூட அங்கே பெரும்பாலும் பெண்களின் பொறுப்பாகவே இருந்தது. குளிரும் காற்றும் உள்ளே வராமல் தடுப்பது அந்தக் கம்பளிதான். சட்டத்துக்குள் குடியிருக்க முடியாது.

அமெரிக்க யுர்ட்டில் மிஞ்சியிருப்பது சட்டம். பெண்கள் செய்த பகுதி போய், அந்த இடத்தில் தொழிற்சாலைத் துணி வந்துவிட்டது. வீட்டின் வடிவத்தை இறக்குமதி செய்து உழைப்பைக் கழித்துவிட்டார்கள்.

அதற்காகப் புல்வெளி யுர்ட்டைச் சமத்துவக் கூடமென்று நான் தூக்கிப் பிடிக்கப்போவதில்லை. மூலை இல்லாவிட்டாலும் அங்கே பக்கம் உண்டு. வாசலில் நுழைந்ததும் வலப்புறம் பெண்களின் பகுதி, பாத்திரங்களும் சமையல் சாமான்களும் இருக்கும் இடம். இடப்புறம் ஆண்களுடையது; சேணம், வேட்டைக் கருவிகள். வாசலுக்கு எதிரே உள்ள மரியாதையான இடம் மூத்தவருக்கும் விருந்தினருக்கும். வட்டத்துக்குள்ளும் கோடு போட மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தையின் துடைப்பம் அங்கே வலப்புறம் இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கச்சூமா இருப்பது சுமாஷ் பழங்குடி மக்களின் நிலத்தில். வில்லோ மரக் கழிகளை வட்டமாக நட்டு, வளைத்து உச்சியில் கட்டி, மேலே கோரையால் வேய்ந்த அரைக்கோள வீடுகள் அவர்களுடையவை. இந்தக் கடலோரத்துக்கே உரிய வட்ட வீடு அது. அந்த வட்டம் அழிக்கப்பட்ட மண்ணில், பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருக்கும் வேறொரு வட்டத்தின் நகலில் நாங்கள் வாடகைக்குப் படுத்திருந்தோம். ஏரியும் இயற்கையாக இருந்ததில்லை. 1950களில் அணை கட்டித் தேக்கியது. குடிநீர் என்பதால் அதில் இறங்கிக் குளிக்கக் கூடாது. "தண்ணியப் பாக்க மட்டுமா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அதற்கும் அத்தை ஒரு கேள்வி வைத்திருந்தார்.

ஆர்.வி. எடுத்த தோழி, கிளம்பும் முன் எங்களை ஒரு பழைய படம் பார்க்கச் சொல்லியிருந்தார். வின்சென்டி மினெல்லி இயக்கி 1954இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்'. லூசில் பால், அவருடைய அப்போதைய கணவர் தேசி அர்னாஸ் இருவரும் நடித்தது. புதுமணத் தம்பதி. கணவனுக்கு ஊர் ஊராகப் போகும் பொறியாளர் வேலை. அவன் போகும் இடமெல்லாம் ஒரு வீடு இருக்கட்டும் என்று மனைவி டேசி காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் மிக நீளமான டிரெய்லர் ஒன்றை வாங்க வைக்கிறாள்.

படத்தின் புகழ்பெற்ற காட்சி இது. கணவன் முன்னால் காரை ஓட்டிக்கொண்டிருக்க, மனைவி பின்னால் ஓடும் டிரெய்லருக்குள் இரவு உணவு சமைக்கிறாள். வண்டி நின்றதும் மேசையில் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வளைவு, மேடு, பள்ளம். அலமாரிகள் திறந்துகொள்கின்றன, மாவு கொட்டுகிறது, பாத்திரங்கள் பறக்கின்றன, அவள் உணவில் குளித்து உருள்கிறாள். லூசில் பால் தன் உடலையே நகைச்சுவையாக்கும் மேதை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. அந்தக் காட்சி முழுவதிலும் ஓட்டுபவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. அவனுக்குச் சாலை தெரிகிறது. அவளுக்கு அடுப்பு தெரிகிறது. இருவரும் ஒரே பயணத்தில் இருக்கிறார்கள் என்கிறது படம்.

முழுப் படத்தையும் கதையாகச் சொல்வதும் கணவன்தான். மழையில் நனைந்து ஒரு டிரெய்லர் நிறுத்தத்துக்கு வந்து, அந்நியர் ஒருவரிடம் தன் துயரத்தைக் கொட்டுகிறான். ஆக, நமக்குக் கிடைப்பது அவன் பார்த்த டேசி. போகிற இடங்களிலெல்லாம் அவள் ஞாபகத்துக்காகக் கல் பொறுக்கிச் சேர்க்கிறாள். மலைப்பாதையில் எடை ஆபத்து, தூக்கிப் போடு என்கிறான். அவள் ஒளித்து வைக்கிறாள். அந்தக் கற்கள்தான் பெரிய சண்டையாக வெடிக்கின்றன. படம் அதைப் பெண்ணின் பைத்தியக்காரத்தனமாகக் காட்டுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில் ஒரு பெண் தன்னுடையது என்று சேர்த்த ஒரே சொத்து அது. அதைக் கனம் என்று சொல்பவன், அவள் சமைக்கும் அடுப்பின் கனத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

66 ஆண்டுகள் கழித்து இன்னொரு படம் வந்தது. க்ளோயி ஜாவோ இயக்கிய 'நோமேட்லேண்ட்'. சிறந்த படம், இயக்கம், நடிகை என்று மூன்று ஆஸ்கர் வென்றது. நெவாடாவின் எம்பயர் என்ற ஆலை ஊர் மூடப்பட்டபின், கணவனையும் இழந்த ஃபெர்ன் வேனுக்குள் குடியேறுகிறாள். அவளிடமும் ஒரு டேசிக் கல் இருக்கிறது: தந்தை சேர்த்துக் கொடுத்த பீங்கான் தட்டுகள். அன்பாக உதவ வந்த ஆண் ஒருவன் அந்தப் பெட்டியைக் கைதவறிப் போட்டு உடைத்துவிடுகிறான். அவள் கத்துகிறாள், பிறகு உட்கார்ந்து துண்டுகளைப் பசை தடவி ஒட்டுகிறாள். 1954இல் சிரிப்பாக இருந்த பாரம் இங்கே துக்கமாகிவிட்டது. இந்த மாற்றத்துக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும்.

தான் இல்லமற்றவள் அல்ல, கட்டிடம் இல்லாதவள் மட்டுமே என்கிற பொருளில் ஃபெர்ன் ஒரு சிறுமியிடம் சொல்வாள். தமிழில் கேட்டால் அந்த வரி இன்னும் சிக்கலாகிறது. 'விடு' என்பதிலிருந்து வந்ததுதான் நம் 'வீடு'. குடியிருக்கும் இடமும் அதுதான், முக்தியும் அதுதான். அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசைப்படுத்திய மரபில் வீட்டுக்குள் இருந்தவளுக்கு முதல் வீடு மட்டும் ஒதுக்கப்பட்டது. ஃபெர்னுக்கு முதலாவது போனதால் இரண்டாவது கிடைத்துவிட்டது என்று படம் நம்மை நம்பச் சொல்கிறது. அந்தி வானம், பியானோ, பாலைவனம். அங்கேதான் எனக்கும் படத்துக்கும் தகராறு.

படத்துக்கு மூலம் ஜெஸிகா புரூடர் 2017இல் வெளியிட்ட அதே பெயருடைய நூல். அதில் வரும் லிண்டா மே படத்தில் தானாகவே நடித்திருக்கிறார். நூல் தொடங்குவது லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலையில். 64 வயது லிண்டா ஒரு குட்டி டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஹன்னா ஃப்ளாட் என்ற முகாமுக்கு ஏறுகிறார். கேம்ப் ஹோஸ்ட் வேலை. மணிக்குப் பத்து டாலருக்கும் குறைவான கூலி. கழிவறை கழுவ வேண்டும், நெருப்புக் குழியிலிருந்து சாம்பல் அள்ள வேண்டும், சத்தம் போடுபவர்களை அடக்க வேண்டும். நகரத்திலிருந்து வார இறுதிக்கு வருபவர் கண்ணுக்கு அவர் உல்லாசமாகக் காட்டில் ஓய்வுக்காலம் கழிக்கும் பாட்டி. அமேசான் கிடங்குகளில் வேன்வாசி முதியவர்கள் வலிநிவாரணி மாத்திரையை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சுவரில் பெட்டி இருந்ததையும் புரூடர் எழுதுகிறார். படத்தில் கிடங்கு வருகிறது, அந்த வலி வரவில்லை. கழிவறை கழுவும் ஃபெர்னைக் காட்டும் கேமரா சீக்கிரமே மலையைத் தேடிப் போய்விடுகிறது.

கச்சூமாவில் சனிக்கிழமை காலை பல் துலக்கப் போனபோது கழிவறை வாசலில் மஞ்சள் பலகை. உள்ளே வெள்ளைமுடிப் பெண் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். காத்திருக்கிறேன் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். நீங்கள் எந்த ஊர் என்று நானும் கேட்டேன். துடைப்பக் கட்டையால் வெளியே சாலையோரம் நின்ற ஒரு பழைய டிரெய்லரைக் காட்டினார். புரூடரை வாசித்திருந்தும் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் துடைத்த தரையில் ஈரக்காலோடு நடந்து பல் துலக்கினேன்.

கூடாரத்தைப் பற்றி எழுத வேண்டும், அது எனக்குக் கொஞ்சம் சங்கடம். என் மகளுக்கு வயது 15. தனிக்கூடாரத்தில் தூங்குகிறேன் என்று கேட்டாள். இணையர் யோசித்தார். முடியாது என்று சொன்னது நான். ஏன் என்றாள். குளிர் என்றேன். கரடி என்றேன். "கரடிக்குப் பயந்தா அப்பாவும் கூடாரத்துல படுக்கக் கூடாதுல்ல?" என்றாள். நான் பயந்தது கரடிக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிரவு எங்கள் பெண்கள் ஒவ்வொருவரும் கழிவறைக்கு இன்னொருவரை எழுப்பிக்கொண்டு டார்ச்சோடு போனோம். ஆண்கள் தனித்தனியாக இருட்டுக்குள் போய் வந்தார்கள். இயற்கையின் மடியில் எல்லோரும் சமம் என்று எழுதுகிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்திருப்பதில்லை போல.

ஞாயிறு திரும்பும்போது நகரத்துக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் வரிசையாகக் கூடாரங்கள். எங்கள் காருக்குள் இருந்ததைப் போன்ற அதே நீலக் கூடாரம் ஒன்றும் அங்கே இருந்தது. மகள்தான் காட்டினாள். அதே பொருள், அதே மூங்கில் போல வளையும் கம்பி. ஏரிக்கரையில் அதற்கு நாங்கள் கட்டணம் கட்டினோம். பாலத்தடியில் அது குற்றமாகலாம்.

குற்றம் என்று நான் சும்மா சொல்லவில்லை. ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர், வாழ்வதற்காகப் படுக்கை விரித்த பொது இடம் எதையும் 'முகாம்' என்று வரையறுத்து அபராதம் போட்டது. எதிர்த்து வழக்காடியவர்களில் டெப்ரா பிளேக் இறுதித் தீர்ப்புக்கு முன்பே 2021இல் இறந்துபோனார். வழக்கின் பெயரில் இடம்பெற்ற குளோரியா ஜான்சன் தன் வேனில் தூங்கியவர். 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட மூவரும் பெண் நீதிபதிகள். நான்காவது பெண் நீதிபதி பெரும்பான்மையோடு நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். விடுமுறைக்குப் பயன்படும் அதே சொல்லைத் தண்டனைக்கும் சட்டம் எடுத்துக்கொண்டது. வீடு இருப்பவர் வெளியே தூங்கினால் அது முகாம். வீடு இல்லாதவர் வெளியே தூங்கினாலும் முகாம்தான், ஆனால் அபராதத்தோடு. ஃபெர்னுக்கு விருது, குளோரியாவுக்கு வழக்கு.

வீட்டுக்கு வந்து துவைக்க மூன்று தடவை மெஷின் போட்டேன். தோசைக்கல்லில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டே இணையரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை பட்டியல் தன்னுடையது என்றார்.

அக்டோபரில் மறுபடி போனோம், கடலோரத்தில் வேறொரு முகாமுக்கு. தாள் அவர் கையெழுத்தில் இருந்தது. 19 பொருட்கள். உப்பு அதில் இல்லை. அத்தை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவர் ஆக்கிய சாம்பாரை எல்லோரும் ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டு முடித்தோம். அத்தை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். பிரஷருக்கு நல்லது என்றார்.

அன்றிரவு மகள் எங்களிடமிருந்து இருபதடி தள்ளித் தன் கூடாரத்தை அடித்தாள். நான் குளிர் என்றோ கரடி என்றோ சொல்லவில்லை. விசில் ஒன்றைக் கையில் கொடுத்தேன். வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ தூங்கும்மா" என்றாள். ஜிப்பை உள்ளேயிருந்து மெதுவாக மூடிக்கொண்டாள். நான் தூங்கவில்லை. விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்து அந்த நீலக் கூடாரத்தையும், அதற்குள் அவள் அணைக்காமல் வைத்திருந்த சிறு விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.